தாசில்தார்

திருவாதவூர் ரோட்டில்
குதிரை கட்டியிருக்கிறேன் என்றால்
கேட்பவர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்:
"ராத்திரி ஊளையிடுதா?"
நரி பரியான ஊர்.
சிரித்துக்கொள்வேன்.
அரசன் பணமில்லை இது;
மாடிப்படிக்குக் கைப்பிடி போட
வைத்திருந்த சீட்டுப் பணம்.

அந்தியூர்ச் சந்தையில், ஆடித் தூறலில்,
வாயைப் பிளந்து பல் பார்த்து வாங்கினோம்.
ஆறு வயது. செவலை. நெற்றியில் கோணல் சுட்டி.
காக்கவைத்தே பழகியதால்
தாசில்தார் என்று பெயர் வந்தது.
வண்டியில் பூட்ட அரைமணி,
லாடத்துக்குக் கால் தூக்க அரைமணி.
கொடி அசைந்தால் மட்டும்
கோப்பு ஒரே நொடியில் நகரும்.

பந்தயத்தன்று சாரதி என் புருஷன் சோணைமுத்து.
மற்ற முந்நூற்றுச் சொச்ச நாளும்
லத்தி, தண்ணீர், குளம்பில் சிக்கிய கல்
எல்லாம் என் பாடு.

வியாழன் இரவு பத்தரைக்கு
அது தன் விலாவைத் திரும்பிப் பார்த்தது,
அங்கிருந்து யாரோ கூப்பிட்டதுபோல.
முன்னங்காலால் மண்ணைப் பறித்தது.
மடங்கிப் படுத்தது.
புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும்.
கயிற்றை இழுத்தேன், திட்டினேன்,
கும்பிட்டேன், மறுபடி திட்டினேன்.
எழுந்தது.

நடந்தோம்.
தெருவிளக்கிலிருந்து ரைஸ்மில் வரை,
ரைஸ்மில்லிலிருந்து தெருவிளக்கு வரை.
கல் ஏற்றிய லாரி ஒன்று
எங்களைக் கண்டு லைட்டைத் தாழ்த்திக்கொண்டு போனது.
டார்ச்சோடு பின்னால் வந்த சோணைமுத்து
பதினோராவது சுற்றில் சொன்னான்:
"கொள்ளு கொஞ்சம் கூட வச்சேன்."
எவ்வளவு?
"ஞாயித்துக்கிழமை ஓடணும்ல."
எவ்வளவு என்றேன் திரும்பவும்.
டார்ச் வெளிச்சம்
என் காலடியை விட்டு விலகித்
தரையில் எதையோ தேடியது.

டாக்டர் ஜெரினா மேலூரிலிருந்து
ஸ்கூட்டரில் வந்தபோது மணி ஒன்று.
நைட்டி மேல் மழைக்கோட்டு.
ஈறை அழுத்திச் சிவப்பு திரும்பும்வரை எண்ணினார்.
கழுத்தில் ஊசி. மூக்குவழிக் குழாய்.
அரைவாளி பாரஃபின் எண்ணெய்.
பிறகு ஸ்டெதாஸ்கோப்பை
என் காதில் மாட்டிவிட்டு
"நீங்களே கேளுங்க" என்றார்.

ஒன்றுமில்லை.
ஓர் ஊரே காலிசெய்துபோன மாதிரி.
தகரச் சுவருக்கு இந்தப்பக்கம் படுத்து
இத்தனை நாள் எந்தச் சத்தத்தில் தூங்கினேன் என்று
அப்போதுதான் தெரிந்தது.

"லத்தி போட்டாப் பிழைச்சுக்கும். நடங்க."

நடந்தோம்.
மூன்றரைக்குத் தாசில்தார் நின்றுவிட்டது.
என் தோளில் தாடையை வைத்தது.
முப்பது கிலோ இருக்கும் அந்தத் தலை.
சுமந்துகொண்டு நின்றேன்.
ராத்திரி ஊளையிட்டது யார் என்று
பக்கத்து வீட்டு அருளாயி பிறகு கேட்டாள்.
குதிரை இல்லை என்று மட்டும் சொன்னேன்.

ஐந்தே முக்கால்.
வால் லேசாக உயர்ந்தது.
ஸ்கூட்டர்மேல் சாய்ந்திருந்த டாக்டரும்
கண்ணைத் திறந்துகொண்டார்.
முதலில் நீளமாய்க் காற்று,
கோயில் கொம்பு கெட்டது.
அப்புறம் மூன்று உருண்டை,
எண்ணெய் பூசிப் பளபளவென்று.
கையில் எடுத்தேன். சுட்டது.
சோணைமுத்து போட்டோ பிடித்து
பந்தயக் கமிட்டி குரூப்பில் போட்டான்.
எழுபத்திரண்டு பேர் கும்பிட்டிருந்தார்கள்.
நுழைவுக் கட்டணம் மட்டும் திரும்ப வராதாம்.

ஞாயிறு நடுக்குதிரைப் பந்தயம்
எங்கள் வாசல் வழியாகத்தான் போனது.
விசில், புழுதி, பின்னால் நூறு பைக்.
தாசில்தார் காதைக் கூர்த்து
முளையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு
வேலியில் நெஞ்சு முட்டி நின்றது.
சோணைமுத்து அந்தப்பக்கம் திரும்பவில்லை.
வண்டி அச்சுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்,
தடவிய அச்சுக்கே மறுபடியும்.

கொள்ளு டின்னுக்குப் பூட்டுப் போட்டாயிற்று.
சாவி என் இடுப்பில்.
அவனுக்குத் தெரியும்; கேட்பதில்லை.
குதிரைக்கும் தெரிந்துவிட்டது.
தேய்த்துக் கழுவும்போதெல்லாம்
மூக்கால் அந்த இடத்தை
மெல்லத் தட்டிப் பார்க்கிறது,
மனுக் கொடுத்துவிட்டு
வராந்தாவில் நிற்கிறவனைப்போல.